'நிறுத்து' என்று சொல்ல தளத்தில் ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்ததை உங்கள் வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நான் குன்றத்தூர்க்காரன், கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவன், எனக்கு மறக்க வழியே இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் வாசலில் வட மாநில, ஆந்திரப் பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மழை, இடி, மின்னல். கட்டடம் விழுந்த சூட்டோடு சூடாக 'இடி விழுந்ததால்தான்' என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், அந்தக் கதையைச் சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். எனக்குப் புரியாதது இதுதான்: இடிதான் காரணம் என்றால் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்த இன்னொரு கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டி வந்தது? அதன் மேல் இடியும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அதில் ஆள் குடியிருக்க முடியாது, நிற்கவிட்டால் சுற்றியுள்ள வீடுகளுக்கே ஆபத்து என்று முடிவாகி, வழக்கெல்லாம் முடிந்து, 2016 நவம்பர் 2ஆம் தேதி மாலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் தரையோடு தரையாகிப் போனதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். ஒரே இடத்தில் ஒரே கையால் எழும்பிய இரண்டு கட்டடம், ஒன்று தானாக விழுந்தது, மற்றதை நாமே தள்ள வேண்டியிருந்தது. இதில் மழையும் மின்னலும் எங்கே வருகிறது?

கட்டடக் கணக்கு தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். வீடாகக் கட்டும் மாடியில் ஆள், கட்டில், பீரோ, பிரிட்ஜ் என்று வரப்போகிற சுமைக்கு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்று கணக்கில் எடுக்கிறோம். அதோடு கட்டடத்தின் சொந்த எடையையும் சேர்த்து, மொத்தத்தை ஒன்றரை மடங்கு பெருக்கி, அதற்குத்தான் டிசைன் செய்கிறோம். கான்கிரீட்டின் வலுவையும் அப்படியே நம்பாமல் ஒன்றரையால் வகுத்து, கம்பியின் வலுவையும் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்கிறோம். கான்கிரீட் கட்டடத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது இதைத்தான். அதாவது கட்டுமானத் தளத்தில் ஒரு தப்பு, ஏன் இரண்டு தப்பு நடந்தால்கூட கட்டடம் தாங்கிக்கொள்ளும் என்று கணக்கிலேயே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். மௌலிவாக்கத்தில் ஒரு குடும்பம்கூடக் குடி வரவில்லை. கட்டிலும் இல்லை பீரோவும் இல்லை. வெறும் தன் எடையையே தாங்க முடியாமல் 11 மாடி உட்கார்ந்தது என்றால் விட்டு வைத்த அந்த இடம் முழுவதையும் யாரோ தின்று தீர்த்திருக்கிறார்கள். பேப்பரில் போட்ட கணக்கிலா, தளத்தில் செய்த வேலையிலா, இரண்டிலுமா என்பது அடுத்த கேள்வி. ஒரு நாள் மாலை மழையில் தீர்ந்துபோகிற இடம் இல்லை அது.

அதிலும் பில்லர் விஷயம் தனி. ஸ்லாப் பலமில்லை என்றால் தொங்கும், வெடிப்பு விடும், கீழே நிற்பவனுக்குப் பார்த்து ஓட நேரம் கிடைக்கும். பில்லர் நசுங்கினால் அந்த அவகாசம் கிடைக்காது. கீழ்த்தளத்தில் ஒரு பில்லர் போனால் அதன் சுமை பக்கத்து பில்லருக்குப் போகும், அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் அதுவும் போகும், அப்புறம் மேலே இருப்பதெல்லாம் வரிசையாகக் கீழே வரும்.

இனி தளத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காகக் கட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் நானும் தொழில் கற்றேன். ஆனால் இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் நான் சொல்வதைப் புதிது என்று சொல்ல மாட்டார்கள்.

கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி டிராபிக்கில் மாட்டி லேட்டாக வருகிறது. கான்கிரீட் இறுகத் தொடங்கிவிட்டது, பம்பில் ஏற மாட்டேன் என்கிறது. லாரியைத் திருப்பி அனுப்பினால் பணம் நஷ்டம், வந்திருக்கும் ஆட்களுக்கு அரை நாள் கூலி வீண். மேஸ்திரி ஹோஸ் பைப்பை எடுத்து லாரிக்குள் தண்ணீர் விடச் சொல்கிறார். அவ்வளவுதான், கான்கிரீட் கஞ்சி மாதிரி ஓடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்தத் தண்ணீர் பின்னால் வற்றிப்போய், இருந்த இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டையாக நிற்கும், எம்25 என்ற வலுவுக்கு வாங்கிய கான்கிரீட் அந்த பில்லருக்குள் அதைவிடக் குறைந்த எம்15 வலுவுக்குக்கூட இருக்காது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, பூசிவிட்டால் சுத்தமாகத் தெரியாது. கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டர் பில்லருக்குள் அடி வரை இறங்காத இடத்தில், சுற்றி அடித்த அச்சுப் பெட்டியைப் பிரித்ததும் ஜல்லி ஜல்லியாகத் தெரியும், கம்பிகூடச் சில இடத்தில் எட்டிப் பார்க்கும். இன்ஜினியர் வருவதற்குள் சிமென்ட்டைக் குழைத்து அப்பி மூடிவிடுவார்கள். மூடியதற்குப் பிறகு வந்து பார்ப்பவருக்கு அது நல்ல பில்லர்.

கியூப் டெஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கான்கிரீட் போடும்போதே 15 சென்டிமீட்டர் பெட்டிகளில் மாதிரி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, 7 நாளில் ஒன்றும் 28 நாளில் ஒன்றும் என்று மெஷினில் வைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். மாதிரிக்கென்று தனியாக, சிமென்ட் தூக்கலாகக் கலந்து நிரப்பி வைக்கிற பழக்கம் சில தளங்களில் உண்டு, அதை விட்டுவிடுவோம். ஒழுங்காகவே எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு ரூஃப் போட்டுக்கொண்டே போகிறார்கள். இன்றைக்கு நிரப்பிய பில்லரின் 28 நாள் ரிசல்ட் கையில் வரும்போது அதன் மேல் இரண்டு மாடி ஏறியிருக்கும். ரிசல்ட் குறைவாக வந்தால் என்ன செய்வது? மேலே வேலையை நிறுத்த வேண்டும், பில்லரில் துளை போட்டு கோர் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் பில்லரைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் வைத்து 'ஜாக்கெட்' போட்டுப் பலப்படுத்த வேண்டும், அதுவும் முடியாது என்றால் இடிக்க வேண்டும். மாதக்கணக்கில் தாமதம், கோடிக்கணக்கில் செலவு. இதை யார் முதலாளியிடம் போய்ச் சொல்வது? மாதம் 25 ஆயிரமோ 30 ஆயிரமோ வாங்குகிற 24 வயது சைட் இன்ஜினியர் சொல்வாரா?

நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் அப்படி ஒரு தம்பி சொன்னார். நிறுவனத்தின் பேர் வேண்டாம். இரண்டாம் மாடி பில்லர்களுக்குக் கம்பி கட்டி முடித்து, மறுநாள் காலை பெட்டி அடிக்க வேண்டும். டேப்பை வைத்து அளந்து பார்த்தவர், டிராயிங்கில் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் என்று இருக்கிறது, இங்கே ஒன்பது பத்து அங்குலத்துக்கு ஒன்று கட்டியிருக்கிறீர்கள், ரிங்கின் கொக்கியும் உள்ளே மடங்கவில்லை, பிரித்துக் கட்டுங்கள் என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பில்லருக்குள் நிற்கும் நெட்டுக் கம்பிகள் சுமையில் வெளிப்பக்கம் பிதுங்காமல் பிடித்து வைப்பதே அந்த ரிங்தான். கம்பி கான்ட்ராக்டர் எதிர்த்துப் பேசவில்லை. போனை எடுத்து ஓரமாகப் போய்ப் பேசினார், அப்புறம் போனைக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, தம்பி 'சரி சார், சரி சார்' என்றபடி முகம் சுருங்கி நின்றார். அன்று சாயங்காலமே பெட்டி ஏறிவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, விட்டு வைத்த அந்த ஒன்றரை மடங்குதான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தார். நிறுத்தத்தான் அவருக்கு அதிகாரம் இல்லை.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1971 ஜனவரி 25ஆம் தேதி, 2000 காமன்வெல்த் அவென்யூ என்ற முகவரியில் கட்டிக்கொண்டிருந்த 16 மாடிக் கட்டடம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். விசாரணையில் கான்கிரீட்டின் வலு இருக்க வேண்டிய அளவுக்குக் குறைவு, கூரைக்கு அடியில் அதைத் தாங்க நிறுத்தும் முட்டு போதவில்லை என்று வந்தது, அதோடு வேலையை நேரில் நின்று பார்க்கப் பொறுப்பான ஆர்க்கிடெக்ட்டோ இன்ஜினியரோ தளத்தில் இல்லை என்றும் வந்தது. இரண்டே வருடம் கழித்து 1973 மார்ச் 2ஆம் தேதி, வர்ஜீனியாவில் கட்டிக்கொண்டிருந்த ஸ்கைலைன் பிளாசா அடுக்குமாடி. 24வது மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே 22வது மாடியில் முட்டுகளைப் பிரித்தார்கள், மேல் தளம் பில்லரைச் சுற்றிக் கிழிந்து விழுந்தது, அந்த எடை அடுத்ததை உடைத்தது, அது அதற்கடுத்ததை, இப்படித் தரை வரை ஒரே வீழ்ச்சி. 14 பேர் போனார்கள்.

முட்டு விஷயத்தை நம் ஆட்களும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஐந்து அங்குல ஸ்லாப் போட்டால் பச்சைக் கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். மேலே சொன்னேனே, குடியிருப்பவர்களுக்காக வைத்த கணக்கு 200 கிலோ. அப்படியென்றால் ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் சுமக்கப்போகும் குடும்பச் சுமையைவிட அதிகமான சுமையை, இன்னும் முழுதாக முற்றாத நிலையில், மேல் ரூஃப் போடும் அன்றைக்கே கீழ் ஸ்லாப் சுமக்கிறது. அதனால்தான் கீழே இரண்டு மூன்று மாடிக்கு முட்டு விட்டு வைக்க வேண்டும் என்பது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாப்புக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டைத் தொடக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது, மேலே புது ரூஃப் ஏறுகிறது என்றால் அதற்கும் கூடுதலாகவே விட்டு வைக்க வேண்டும். ஆனால் முட்டு, பலகை என்ற சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு வந்தது, அடுத்த தளத்தில் அது தேவை. எத்தனையாவது நாளில் பிரிப்பது என்பதை வாடகைக் கணக்குதான் முடிவு செய்கிறது.

2025 மார்ச் 28ஆம் தேதி மியான்மர் நிலநடுக்கத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக்கு மேற்பட்ட அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் சரிந்ததைப் பார்த்தோம். அவ்வளவு பெரிய நகரத்தில் எத்தனையோ உயரமான கட்டடங்கள் ஆடிவிட்டு நின்றன, இது ஒன்றுதான் மொத்தமாக விழுந்தது. இறந்த 80 பேருக்கு மேற்பட்டவர்களில் பலர் பிழைக்க வந்த வெளியூர்க் கூலித் தொழிலாளிகள். அங்கே நிலநடுக்கம், இங்கே மழை. இரண்டு இடத்திலும் வானத்தையும் பூமியையும் கைகாட்டியாயிற்று.

மௌலிவாக்கத்தில் இறந்தவர்கள் யார்? ஆந்திராவின் விஜயநகரம், ஸ்ரீகாகுளம் பக்கத்து ஏழைகள், ஒடிசாக்காரர்கள், நம் தமிழ்நாட்டுக்காரர்கள். கணவன் மனைவியாக வந்து வேலை பார்த்தவர்களும் உண்டு. சனிக்கிழமை என்பது எங்கள் வேலையில் சம்பள நாள், வாரம் பூராவும் எதிர்பார்த்திருக்கும் நாள். தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தீயணைப்புத் துறையும் மோப்ப நாய்களோடு ஒரு வாரத்துக்குக் கிட்ட இரவு பகலாகத் தோண்டி 27 பேரை உயிரோடு மீட்டார்கள், அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் முதல் நாள் அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கே பதில் இல்லை. உள்ளே மொத்தம் எத்தனை பேர்? கான்ட்ராக்டருக்கு ஒரு கணக்கு, மேஸ்திரிக்கு ஒரு கணக்கு, பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்களுக்கு ஒரு கணக்கு. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டாயிற்று. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல நிதியாக வாங்குகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, இடிபாட்டுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று பேர் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை.

மௌலிவாக்கத்துக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். ஓய்வு பெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. 2019ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மண் ஆய்வு செய்பவர், தர ஆய்வாளர் எல்லோரும் பதிவு செய்திருக்க வேண்டும் என்று ஆனது. நல்ல விஷயம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும் என்று இருக்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் அந்த 5 ஆண்டு ஒப்படைத்த பிறகுதான் தொடங்குகிறது. கட்டும்போது உள்ளே நிற்பவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பதிவு பெற்ற தர ஆய்வாளரையும் பில்டர்தான் பிடிக்கிறார், பில்டர்தான் பணம் கொடுக்கிறார், அடுத்த வேலையும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். சைட் இன்ஜினியர் தம்பிக்கு இருந்த அதே நிலைமைதான் இவருக்கும், சம்பளம் கொஞ்சம் கூட.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான், இதை அரசின் காதுக்கு உங்கள் பத்திரிகை கொண்டுபோக வேண்டும். பிளான் அனுமதிக்குக் கட்டணம் வாங்குகிற மாதிரி தர ஆய்வுக்கான கட்டணத்தையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வே முன்கூட்டி வாங்கிக்கொள்ளட்டும். தன் பட்டியலில் உள்ளவர்களில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துத் தளத்துக்கு அனுப்பட்டும், சென்னைக்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககம் அதைச் செய்யட்டும். ஒவ்வொரு மாடி பில்லருக்கும் பெட்டி அடிக்கும் முன் அவர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், கியூப் அவர் கண் முன்னால் நிரப்பப்பட வேண்டும், 7 நாள் ரிசல்ட் மோசமாக இருந்தால் மேலே ஏறாதே என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டும், அதை மீறிப் போட்ட ஒவ்வொரு ரூஃபுக்கும் பில்டர் மேல் வழக்குப் பாய வேண்டும். செலவு கூடும் என்பார்கள். பல கோடி ரூபாய்க்கு விற்கிற கட்டடத்தில் இது கூடிப்போய் எவ்வளவு ஆகிவிடும்? மாடல் பிளாட்டின் உள் அலங்காரத்துக்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதுவரைக்கும் வீடு புக் செய்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தளத்துக்குப் போகும்போது டைல்ஸ் கலரைப் பார்த்துவிட்டு அப்படியே சைட் ஆபீசுக்குள் போய் கியூப் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பிளாக்கின் கீழ்த்தள பில்லர் எந்தத் தேதியில் போட்டது, 28 நாள் ரிசல்ட் என்ன, எந்த லேபில் உடைத்தது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யார், அவர் கடைசியாகத் தளத்துக்கு வந்தது எப்போது என்று கேளுங்கள். பணம் கொடுப்பவர் நீங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காட்ட மறுத்தால் தேதி போட்டு ரெராவுக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் எழுதுங்கள், ஒரு நகலை இந்தப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளராக இருந்த ஒரு வாசகர்,
குன்றத்தூர்.